உள்ளுக்கை விட்டனான்

1

ஒவ்வொரு தை மாதமும் எனக்கு ஒரு படிவம் வரும். நான் உரைபெயர்ப்பாளர். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவருக்கும் நடுவில் கதிரை போட்டு இருந்துகொண்டு, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் வாயால் மாற்றிச் சொல்வது என் வேலை. மெல்பேர்னில் ஆஸ்பத்திரி, பொலிஸ், குடிவரவு அலுவலகம், பள்ளிக்கூடம் என்று பதினெட்டு வருடங்களாக இதைச் செய்கிறேன். இந்த வேலையில் நான் நீடிக்கலாமா என்று வருடந்தோறும் கேட்டு வருவதுதான் அந்தப் படிவம்.

அதன் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் வேலையில் பிழை ஏதும் பதிவாகியிருக்கிறதா? பதினேழு தடவை யோசிக்காமல் ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டிருக்கிறேன். இந்த முறை ‘ஆம்’ என்று போட வேண்டியிருந்தது. ‘ஆம்’ என்றால் கீழே இருக்கும் பெட்டிக்குள் இருநூறு சொற்களில் விளக்கம் எழுத வேண்டும்.

குசினி மேசையில் மூன்று நாள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். இருநூறு சொற்களில் டிங்கோவைச் சொன்னால் குரங்கைச் சொல்ல முடியவில்லை. குரங்கைச் சொன்னால் குணம் என்ற மனிதரைச் சொல்ல முடியவில்லை. கடைசியில் உப்புச் சப்பில்லாத நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு, மிச்சத்தை ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடந்து முடிந்துவிட்டது. குணமும் எழுதச் சொல்லிவிட்டார். ஆனாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2

போன வருடம் மாசி மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வேலை தரும் நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது: தமிழ், நேரில், மூன்று மணி நேரம், விலங்கு நல விசாரணை. விலங்கு நல விசாரணைக்கு அதுவரை நான் போனதில்லை. ‘மிருகவதை’ என்ற சொல்லை மட்டும் மனத்துக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு காரை எடுத்தேன்.

நாங்கள் இருப்பது மெல்பேர்னின் ஓரத்தில், கிரான்பர்னில். அங்கிருந்து நெடுஞ்சாலையால் ஒரு மணி நேரம் போனால் மாட்டுப் பண்ணைகள் தொடங்கிவிடும். அந்தச் சாலையோரத்தில் ஒரு பெற்றோல் நிலையம், பக்கத்தில் ‘பை’ என்ற இறைச்சிப் பணியாரம் விற்கும் கடை, அதற்குப் பின்னால் கம்பி வலை. வாசலில் கையை நீட்டிச் சிரிக்கும் குரங்கின் படம் போட்ட பெரிய பலகை. கடற்கரைக்குப் போகிற குடும்பங்கள் பிள்ளைகளை இறக்கி, கடதாசிப் பையில் தீனி வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிற இடம். என் மகள் ஆரணி சின்னவளாக இருந்தபோது நாங்களும் இரண்டு தரம் நின்றிருக்கிறோம். அப்போது அவள் கங்காருவுக்குத் தீனி கொடுக்கும் படம் இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரின் பெயர் கேற். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். அங்கே வேலை செய்த குணரத்தினம், எல்லோருக்கும் குணம், ஏற்கெனவே வாசலில் நின்றார். நாற்பத்தைந்து வயது, முல்லைத்தீவுப் பக்கம், வள்ளத்தில் அகதியாக வந்து பத்து வருடத்துக்கு மேல். கையில் தொப்பியைச் சுருட்டிப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் கொஞ்சம் இளகியது.

“அக்கா, நீங்கள் யாழ்ப்பாணமோ?”

எங்கள் தொழிலில் இதற்குப் பதில் சொல்லக்கூடாது. அவர் கேட்டதை அப்படியே கேற்றுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, “நான் உரைபெயர்ப்பாளர், நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் அவவுக்குச் சொல்லுவன், எங்கட கதை வேண்டாம்” என்றேன். அவர் முகம் திரும்பவும் இறுகிவிட்டது. அந்த முகத்தை நான் நூறு பேரிடம் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பழகவே இல்லை.

முதலில் கூண்டுகளைச் சுற்றி நடந்தோம். ஒரு டிங்கோ, இந்த நாட்டுக் காட்டு நாய், வலையோரமாக எட்டுப் போட்டுப் போட்டு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே காலை வைத்தது. அது திரும்பும் மூலையில் மண் மாவாகியிருந்தது. ஒரு வொம்பற், பகலில் வளைக்குள் தூங்க வேண்டிய பிராணி, பாதி வெட்டிய சீமெந்துக் குழாய்க்குள் ஆட்கள் பார்க்கிற மாதிரிப் படுத்திருந்தது. கழுகு ஒன்று இடுப்பளவு உயரக் கட்டையில் ஒரு செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தது.

டிங்கோ எவ்வளவு காலமாக இப்படி நடக்கிறது என்று கேற் கேட்டார்.

“நான் வந்த நாளிலை இருந்து. நாலு வருசம். மழைக்கும் நிப்பாட்டாது” என்றார் குணம்.

கேற் குறித்துக்கொண்டு, இடமில்லாமல் அடைபட்ட விலங்குகளுக்கு இப்படி வரும், மூளை அந்த ஓர் அசைவிலேயே சிக்கிக்கொள்ளும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பத்து வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு கரடியைப் பார்த்திருக்கிறேன். கம்பிக்குப் பின்னால் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. கரடி டான்ஸ் ஆடுது என்று நாற்பது பிள்ளைகளும் கைதட்டினோம். ரீச்சரும் தட்டினா.

கடைசியாகக் குரங்குக் கூடு. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கூட்டில் இரண்டு பகுதிகள். முன்பகுதி கம்பி வலை, தகரக் கூரை, மேற்குப் பார்த்தது. ஆட்கள் நின்று பார்ப்பது அங்கே. பின்பகுதி ஒரு சின்னச் செங்கல் அறை. அதற்குள் ஒரு மின்விசிறியும் தண்ணீர்த் தொட்டியும். இரண்டுக்கும் நடுவில் பக்கவாட்டில் இழுத்து மூடும் ஓர் இரும்புக் கதவு. எப்போதோ மூடிப்போன ஒரு சர்க்கஸிலிருந்து வந்த இரண்டு கிழட்டுப் பெண் குரங்குகள் பல வருடமாக அங்கே இருந்தன. இப்போது ஒன்றுதான் இருந்தது. மற்றது தை மாதத்தில், இங்கே அது கோடை, வெயில் நாற்பது பாகையைத் தாண்டிய ஒரு நாள், அந்தத் தகரத்தின் கீழ் செத்துப்போனது. அதற்குத்தான் விசாரணை.

குரங்குகளின் பெயர் என்ன என்று கேற் கேட்டார்.

“முதலாளி வைச்சது ரோசி, டொலி. நான் பெரியவ, சின்னவ எண்டு கூப்பிடுறனான். செத்தது சின்னவ.”

பெரியவ எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் வலைக்கு வந்து, ஓட்டையால் கையை வெளியே விட்டு, உள்ளங்கையை விரித்தபடி இருந்தா. ‘இருந்தது’ என்று எழுதத்தான் பார்த்தேன். குணம் அவவை ‘அவ’ என்றே சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படியே வருகிறது. அந்த உள்ளங்கை என்னுடைய அம்மாவின் உள்ளங்கை மாதிரிக் கோடு விழுந்து கிடந்தது.

3

விசாரணை அந்தப் பணியாரக் கடைக்குப் பின்னாலிருந்த அலுவலக அறையில் நடந்தது. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. முதலாளி பிறையன் ஏற்கெனவே தன் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். அன்று காலை குரங்குகள் இரண்டையும் குணம் வெயிலுக்குள் விட்டுவிட்டு, செங்கல் அறைக் கதவைத் திறக்காமல் போய்விட்டார் என்பது அவர் சொன்னது. அது எனக்கு அப்போது தெரியாது.

உரைபெயர்ப்பில் ஒரு விதி இருக்கிறது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘இவர் சொல்கிறார்’ என்று சேர்க்கக்கூடாது. குணத்தின் வாழ்க்கை முழுவதும் அன்று என் வாயால் ‘நான்’ என்று வந்தது.

“அண்டைக்குக் காலமை என்ன செய்தனீங்கள்?” இது கேற்றின் கேள்வி, என் தமிழில்.

“ஒன்பது மணிக்கு அவையளை உள்ளுக்கை விட்டனான். பிறகு டிங்கோவுக்குத் தண்ணி வைக்கப் போனனான். பிறகு முதலாளி என்னைக் கார் விடுற இடத்துக்கு அனுப்பிப்போட்டார். பள்ளிக்கூட லீவுதானே, சரியான சனம். ஒண்டரைக்குத்தான் திரும்பி வந்தனான். வரேக்கை சின்னவ கீழை விழுந்து கிடந்தா. தூக்கிக்கொண்டு ஓடி பைப்பைத் திறந்து…”

தொப்பியை விரித்து முகத்தைத் துடைத்தார். அவர் அதுவரை சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கேற் தட்டச்சு செய்தார். முதலாளி குரங்குகளை என்ன செய்தார், கதவை யார் மூடியது என்றெல்லாம் அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

கடைசியில் வாக்குமூலத்தை அச்சடித்து என்னிடம் தந்தார். ஆங்கிலத்தில் இருப்பதை நான் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். குணம் சரியென்றால் கையெழுத்துப் போடுவார். வரிக்கு வரி வாசித்தேன்.

“ஒன்பது மணிக்கு நான் அவையைக் கூட்டுக்குள் விட்டனான். சரியோ?”

“ஓம்.”

கையெழுத்துப் போட்டார். போகும்போது, “அக்கா, எனக்கு இன்னும் பிரிட்ஜிங் எண்ட தற்காலிக விசாதான். இதாலை ஏதும் வருமோ?” என்று கேட்டார். நான் அதையும் ஆங்கிலத்தில் கேற்றிடம் சொன்னேன். அதற்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றார் கேற். அதையும் தமிழில் சொன்னேன்.

4

பத்து நாள் கழித்து, இன்னொரு கடும் வெயில் நாள். நான் கடைத்தொகுதியில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆரணி அழைத்தாள். அவளுக்கு இருபது வயது. கல்லூரிக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று அதற்கு முதல் வருடம் நண்பர்களோடு தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். போகும்போது பூனையை எங்களிடம் விட்டுப் போனாள். எங்களை விசாரிக்க அழைப்பதைவிடப் பூனையை விசாரிக்க அழைப்பதுதான் அதிகம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள்.

வெயில் நாற்பதாம், பூனை எங்கே என்று கேட்டாள்.

“உள்ளுக்கை விட்டனான் பிள்ளை.”

“அம்மா, யூ லெட் ஹிம் இன், ஓர் யூ லெஃப்ட் ஹிம் இன்?” என்றாள்.

“என்ன?”

அவளுக்கு எரிச்சல். ஆங்கிலத்திலேயே பிரித்துச் சொன்னாள். வெளியில் நின்றதைக் கதவு திறந்து உள்ளே எடுத்தீர்களா, அல்லது அடைபட்ட வீட்டுக்குள், ஏசி போடாமல், அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வெளிக்கிட்டீர்களா? உங்கள் தமிழில் இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது.

கையில் இருந்த தயிர்ப் போத்தலைத் தட்டில் திரும்ப வைத்தேன். எந்தத் தட்டில் வைத்தேன் என்று தெரியாது.

லெட். லெஃப்ட். குணம் சொன்ன ‘உள்ளுக்கை விட்டனான்’ என்பதை நான் எப்படிச் சொன்னேன்? வெயிலிலிருந்து செங்கல் அறைக்குள் எடுத்தேன் என்று அவர் சொல்ல, கூட்டுக்குள் கைவிட்டுப் போனேன் என்று நான் சொல்லிவிட்டேனா? வாசித்துக் காட்டினேனே, அவர் ஓம் என்றாரே என்று மனம் ஓடியது. ஆங்கிலக் கடதாசியில் ‘லெஃப்ட்’ என்று இருந்திருந்தாலும் நான் அதைத் தமிழில் ‘விட்டனான்’ என்றுதான் வாசித்திருப்பேன். அவரும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு அந்தச் செங்கல் அறையும் கூடுதானே. பிழையைப் பிடிக்க வைத்த வலைக்குள்ளாலேயே பிழை நழுவிப் போயிருக்கிறது.

ஆரணி இன்னும் அழைப்பில் இருந்தாள். “அம்மா? த கற்?”

“பூனை சுகமா இருக்கு. ஏசி போட்டனான்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் காதில் அந்தச் சொல் ஏன் அப்படி விழுந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஊரோடு இடம்பெயர்ந்த அன்று எங்கள் நாய் ஜிம்மியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். அதன் பிறகு எந்த அகதி முகாமில் யாரைக் கண்டாலும் அதே பேச்சுத்தான்: மாட்டை விட்டனாங்கள், வீட்டை விட்டனாங்கள், அம்மம்மாவை ஆஸ்பத்திரியிலை விட்டனாங்கள். இங்கே வந்து புகலிட வழக்குகளில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை ‘லெஃப்ட்’ என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு விடுவதென்றால் கைவிடுவதுதான். குணம் அன்றைக்குச் சொன்னது வேறு ஆளின் தமிழ்.

5

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் ரயில்வேயில் வேலை செய்பவர். எதற்கும் பதறாத மனிதர்.

“நீர் என்ன சொன்னீர் எண்டு உமக்கே வடிவாத் தெரியேல்லை. பிறகேன் போய் மாட்டுப்படுறீர்?”

“ரெக்கோர்டிங் இருக்கப்பா.”

“இருக்கட்டுமே. தேவையெண்டால் அவையே கேட்டுப் பாப்பினம்தானே.”

“ஆர் கேக்கிறது? இங்கிலீஸ்காரருக்கு நான் சொன்னது இங்கிலீஸ். அதிலை பிழை இருக்கெண்டு அவைக்கு என்னெண்டு தெரியும்?”

அவர் தொலைக்காட்சியைப் போட்டார். ஒரு பாட்டம் பார்த்துவிட்டு, “உம்மட லைசென்ஸை எடுத்துப்போட்டால்?” என்று கேட்டார். அதுதான் அவருடைய பயம். எனக்கும் அதே பயம்தான். ஐம்பத்து நாலு வயதில் வேறு எந்த வேலைக்கு என்னை எடுப்பார்கள்? பிழை விட்டது தெரிந்த கணமே திருத்த வேண்டும் என்பது எங்கள் நெறிமுறையில் தெளிவாக இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான். படிப்பிக்கும்போது அது ஒரு வரி.

நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலையில் ஒரு கிழவர் “மருந்தை விட்டிட்டன்” என்றார். மருந்தை நிறுத்திவிட்டாரா, வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாரா என்று அவரிடம் மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். வைத்தியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள், ஏன் என்று எனக்கே தெரியாமல், காரை எடுத்துக்கொண்டு அந்த நெடுஞ்சாலையால் போனேன். குணத்தோடு பேச எனக்கு அனுமதியில்லை. அவரைக் காணாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் நுழைவுச்சீட்டு வாங்கினேன். அந்தப் பயம் தேவையில்லாமல் போயிற்று. கூண்டு கழுவிக்கொண்டிருந்தது வேறொரு பெண்.

பெரியவ தனியாக இருந்தா. ஒரு தகப்பன் கடதாசிப் பையைப் பிடித்துக்கொண்டிருக்க, அவருடைய சின்னப் பெண் வலைக்குள் கடலையைப் போட்டாள். பெரியவ கையை நீட்டி வாங்கினா. வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் தரையில் வைத்தா. அடுத்ததையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தா. அப்படி ஒரு சின்னக் குவியல் அங்கே சேர்ந்திருந்தது. நடைபாதையில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையைத் திருப்பிப் பார்த்தா. பார்த்துவிட்டுத் திரும்பவும் கையை நீட்டினா. மார்பில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. தானே பிடுங்கியிருக்க வேண்டும்.

“முன்னம் இஞ்ச வேலை செய்தவர் எங்கை?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத்தான் வாய் வந்தது, தமிழிலேயே வந்தது. விழுங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டேன். குரங்கைக் கொன்றதற்காக அவரை நிறுத்திவிட்டார்கள் என்றாள் அவள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே நிறுவனத்தை அழைத்தேன்.

6

அதற்குப் பிறகு வந்தது கடதாசிகளின் காலம். சம்பவ அறிக்கை, சம்பவ அறிக்கைக்கான துணை அறிக்கை, இரண்டுக்கும் ஒரே உள்ளடக்கம். என் நினைவில் உள்ளது என்ன, நான் ஊகிப்பது என்ன என்று தனித்தனியாக எழுதச் சொன்னார்கள். எழுத எழுத நினைவும் ஊகமும் ஒன்றோடொன்று கலந்தன. ஒலிப்பதிவைச் சுயாதீனமான இன்னோர் உரைபெயர்ப்பாளர் கேட்பார் என்றார்கள். அந்த மூன்று கிழமையும் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல். நான் ‘லெட்’ என்று சொல்லியிருக்க வேண்டும், கேற் பிழையாகக் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியில்லை. பதிவில் என் குரல் தெளிவாக ‘லெஃப்ட்’ என்றிருக்கிறது. கடிதத்தில் அந்தப் பகுதியை மேற்கோளாகப் போட்டிருந்தார்கள். ‘ஐ லெஃப்ட் தெம் இன்சைட்.’ நான், அவையை, உள்ளே, விட்டுவிட்டுப் போனேன். அந்த ‘உள்ளே’யைக் கேற் ‘கூட்டுக்குள்’ என்று எடுத்திருக்கிறார். வாக்குமூலத்தில் குணத்தின் கையெழுத்துக்கு மேலே, உரைபெயர்ப்பாளர் என்று என் பெயர்.

சட்ட வேலைகள் ஆறு மாதம் கிடையாது, மீள்பயிற்சி, பதிவேட்டில் ஒரு குறிப்பு. லைசென்ஸ் போகவில்லை. கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

குணத்தை வேறு உரைபெயர்ப்பாளரை வைத்துத் திரும்ப விசாரித்தார்கள். இந்த முறை கேற் சரியான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். நீங்கள் அறைக்குள் எடுத்துவிட்ட குரங்குகள் வெயிலுக்கு எப்படி வந்தன? பத்து மணிக்குப் பிறகு அங்கே யார் இருந்தது? அன்று வந்த குடும்பங்களைத் தேடிப் போனார்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்காக எடுத்த கைத்தொலைபேசி வீடியோ கிடைத்தது. அதில் பிள்ளை குரங்கைக் காணவில்லை என்று அழுகிறது. “பொறுங்கோ, வரச்சொல்லுறன்” என்ற பாணியில் ஏதோ சொல்லிக்கொண்டு பிறையன் பின்னால் போகிறார். கூட்டுகிற ஒரு தும்புத்தடியால் இரண்டு குரங்குகளையும் முன்பக்கம் கலைத்துவிட்டு, இரும்புக் கதவை இழுத்துக் கொழுக்கி போடுகிறார். பிள்ளை சிரிக்கிறது.

பிறையனை ஒரு கொடியவன் என்று எழுதினால் எனக்குச் சுலபம். நீதிமன்றத்தில் நான் பொதுமக்கள் வரிசையில் இருந்து பார்த்தேன். எழுபது வயதுக் கிழவன். தகப்பன் தொடங்கிய இடம், சனம் குறைந்துபோன இடம். ‘குரங்கைக் காணவில்லை என்றால் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள், திறக்க மறந்துவிட்டேன், என் வேலையாள் மேல் பழி போட்டேன்’ என்று குனிந்த தலையோடு ஒப்புக்கொண்டார். குரங்கும் டிங்கோவும் கழுகும் வைத்திருக்கும் அனுமதி அவரிடமிருந்து போயிற்று. ஆடும் கோழியும் மட்டும் இருக்கலாம்.

குணத்தின் மீது வழக்குப் போடவில்லை. ஆனால் விசாரணை நடந்த மூன்று மாதமும் அவருடைய விசாக் கோப்பில் ‘குற்ற விசாரணை நிலுவையில்’ என்ற வரி இருந்திருக்கிறது. அதனால் தாமதமா, வழக்கமான தாமதமா என்று யாரும் சொல்வதில்லை. இதை எழுதும் இன்றைக்கும் அவருக்குப் பதில் வரவில்லை.

7

வழக்கு முடிந்து இரண்டு மாதம் கழித்து, கோயிலில் அன்னதான வரிசையில் அவர் என் முன்னால் வந்து நின்றார். ஓடி ஒளிய இடமில்லை.

“அக்கா, என்னைத் தெரியுதோ?”

“தெரியும் குணம். நான்… என்னாலைதான் உங்களுக்கு…”

“ஓம், சொன்னவை. நீங்கள்தான் பிழை விட்டது எண்டும் சொன்னவை, நீங்களே போய்ச் சொன்னது எண்டும் சொன்னவை.” தட்டை மாற்றிப் பிடித்தார். “முதல் கேக்கேக்கை கோவம் வந்தது. பொய் சொல்லேல்லை. இரண்டு கிழமை சரியான கோவம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது காளான் பண்ணையில் வேலை என்றார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

“பெரியவவை வடக்கை ஒரு இடத்துக்குக் கொண்டு போட்டினமாம். பெரிய வளவாம், மரம் எல்லாம் நிக்குதாம். ஞாயிற்றுக்கிழமையிலை பாக்க விடுவினமாம். எனக்குக் கார் ஓடத் தெரியாது அக்கா. பஸ்ஸும் இல்லையாம்.”

அவவைக் கொண்டுபோன அன்றைக்கு அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஏற மறுத்து ஒரு பகல் முழுக்க நின்றாவாம். கடைசியில் மயக்க ஊசி போட்டுத்தான் ஏற்றினார்களாம். “நான் நிண்டிருந்தா ஒரு சொல்லிலை ஏறியிருப்பா” என்றார். வயசு போன குரங்கு, புதுக் கூட்டம் சேர்க்குமோ, அடித்துத் துரத்துமோ, சாப்பிடுமோ என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் அங்கே தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு போனோம். ஆரணிதான் கார் ஓடினாள். நான் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னபோது, தானும் வருகிறேன் என்று அவளாகவே வந்தாள். மூன்றரை மணி நேரப் பயணத்தில் குணம் முன் இருக்கையில் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். ஆரணி அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்பாள். அவர் தமிழில் பதில் சொல்லுவார். நான் பின்னால் இருந்து வாயைத் திறக்கப் போய், அவர்கள் எப்படியோ சமாளிப்பதைக் கண்டு மூடிக்கொண்டேன்.

அந்த இடத்தில் நுழைவுச்சீட்டு உண்டு, தீனிப் பை இல்லை. வேலியிலிருந்து தள்ளி ஒரு மரப்பாதை. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தில் யூக்கலிப்டஸ் மரங்களும் கயிற்றுப் பாலங்களும் ஒரு குளமும் தெரிந்தன. முதல் பத்து நிமிடம் ஒரு குரங்கையும் காணவில்லை. குணத்தின் விரல்கள் பாதையின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தன.

“செத்துப் போச்சுதோ? சொல்லாமல் விட்டிட்டினமோ?”

எனக்கும் அதே எண்ணம்தான். பராமரிப்பாளர் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் ஆரணி கையைக் காட்டினாள். தூரத்தில், விழுந்து கிடந்த ஒரு மரத்தில், ஐந்தாறு குரங்குகள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. குணம் ஒரு நிமிடம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அந்தா. மரத்தின்ரை கடைசித் தொங்கல்லை இருக்கிறா. முதுகு காட்டிக்கொண்டு.”

பெரியவ எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தனக்கு முன்னால் இருந்த இன்னொரு கிழட்டுக் குரங்கின் கழுத்து மயிரை விலக்கி விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு கையால் விலக்குவதும், மறு கையால் எடுப்பதும், வாயில் போடுவதுமாக நல்ல மும்முரம். மார்பில் மயிர் முளைத்ததா என்று எங்கள் இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை. பாதையில் ஒரு பிள்ளை ஓடி வந்தது, செருப்புச் சத்தம் பலகையில் தடதடத்தது. அவ திரும்பவில்லை.

அரை மணி நேரம் நின்றோம். குணம் ஒரு சத்தமும் போடவில்லை. உதடு மட்டும் இரண்டொரு தரம் அசைந்தது. மூடும் நேரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆரணியால் பொறுக்க முடியவில்லை. பல வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு தமிழ் வசனம் வந்தது.

“அங்கிள், நீங்க அவவைக் கூப்பிடேல்லையா?”

குணம் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“வேண்டாம் பிள்ளை. கூப்பிட்டா வந்திடுவா.”